உங்கள் ஐ.டி. வேலை எவ்வளவு உறுதியானது? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025 ஜூலை மாதம் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, அந்த நிதியாண்டுக்குள் வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் காலாண்டில் 12,760 கோடி ரூபாய் நிகர லாபம் என்று கணக்குக் காட்டியிருந்தது. ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் எல்லோருடைய வாட்ஸ்அப் குழுக்களிலும் அன்று ஓடிய கேள்வி ஒன்றுதான்: "நம்ம கம்பெனியில எப்போ?"

அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. மேலே உள்ள இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். நிறுவனம் நன்றாக இருக்கிறது, ஆட்கள் வெளியே போகிறார்கள். நிறுவனத்தின் ஆரோக்கியம் வேறு, உங்கள் வேலையின் ஆரோக்கியம் வேறு. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என் வேலைக்குக் காசு கொடுப்பது யார்? எந்தத் தேதி வரை கொடுப்பார்? அந்தக் காசுக்கு என்னைவிட மலிவான வழி அவருக்கு இருக்கிறதா? இவற்றுக்கு விடை தேட மேனேஜரின் முகக்குறிப்பைப் படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான விடைகள் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கின்றன.

சென்னையிலோ கோவையிலோ ஐ.டி. சேவை நிறுவனத்தில் எட்டு முதல் இருபது வருட அனுபவத்தோடு, வீட்டுக் கடனும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுமாக இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வார இறுதி போதும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் சம்பளம் எந்த வழியாக வருகிறது?

நிறுவனத்தின் உள் போர்ட்டலில் உங்கள் அலொகேஷன் பக்கத்தை, அதாவது எந்த ப்ராஜெக்ட்டில் உங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தை, திறந்து பாருங்கள். பலர் டைம்ஷீட் போடுவதோடு சரி, இந்தப் பக்கத்தை வருடக்கணக்கில் பார்ப்பதில்லை. அதில் ப்ராஜெக்ட் கோடு, அலொகேஷன் சதவீதம், பில்லபிளா (உங்கள் நேரத்துக்குக் கிளையன்டிடம் காசு வாங்கப்படுகிறதா) இல்லையா, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று நான்கைந்து விவரங்கள் இருக்கும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

முடிவுத் தேதி டிசம்பர் 31 என்றோ மார்ச் 31 என்றோ இருந்தால் அதற்காகப் பதற வேண்டாம். கிளையன்டின் பட்ஜெட் ஆண்டும் நம் நிதியாண்டும் அந்தத் தேதிகளில் முடிவதால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது நீட்டிப்பின் அளவை. முன்பு ஒரு வருடத்துக்கு நீட்டினார்கள், பிறகு ஒரு காலாண்டுக்கு, இப்போது மாதாமாதம் என்றால் கிளையன்ட் பக்கத்தில் யாரோ அந்தச் செலவை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, ஒப்பந்தம் எந்த வகை? டைம் அண்ட் மெட்டீரியல் என்றால் தலைக்கு இவ்வளவு என்று கிளையன்ட் காசு கொடுக்கிறார். உங்களை நீக்கினால் அவருக்குச் செலவு குறையும், உங்கள் நிறுவனத்துக்கு வருமானம் குறையும். அதனால் உங்கள் நிறுவனம் அவ்வளவு சீக்கிரம் உங்களை விடாது. ஃபிக்ஸட் ப்ரைஸ் அல்லது மேனேஜ்டு சர்வீஸ் என்றால் கதையே வேறு. வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை வந்துவிடுகிறது, அதை எத்தனை பேரை வைத்துச் செய்வது என்பது உங்கள் நிறுவனத்தின் கையில். பத்துப் பேர் செய்ததை ஏழு பேர் செய்தால் மூன்று பேரின் செலவு அப்படியே லாபம். ஏ.ஐ. கருவிகள் வந்த பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கிளையன்ட்டும் அந்த மிச்சத்தில் பங்கு கேட்கிறார். உங்கள் ப்ராஜெக்ட் எந்த வகை என்று தெரியாவிட்டால் மேனேஜரிடம் கேளுங்கள். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

கிளையன்டின் பெயரைப் போட்டுச் செய்தியும் தேடிப் பாருங்கள். வேறொரு நிறுவனத்தோடு இணைகிறார்களா? தொழில்நுட்பச் செலவுகளை முடிவு செய்யும் சி.ஐ.ஓ. புதிதாக வந்திருக்கிறாரா? இந்தியாவில் சொந்த மையம் திறக்கிறார்களா? இந்த மூன்றாவதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஜி.சி.சி. என்று சொல்லப்படும் இந்த மையங்கள் 2024-லேயே இந்தியாவில் 1,700-ஐத் தாண்டிவிட்டன, அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள் என்பது நாஸ்காம் கணக்கு. உங்கள் கிளையன்ட் அப்படி ஒன்றைத் திறந்தால் நீங்கள் செய்யும் வேலை அங்கே போகக்கூடும். அதே வேலைக்கு அங்கே ஆளும் தேவைப்படும். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் கிளையன்டிடம் சேரக் கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு என்று இப்போதே படித்து வையுங்கள்.

படி 2: நீங்கள் எவ்வளவு ஈட்டித் தருகிறீர்கள்?

மொத்த வழிகாட்டியிலும் நான் முக்கியமாக நினைப்பது இந்தக் கணக்கைத்தான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் ஆஃப்ஷோர் ரேட், அதாவது இந்தியாவிலிருந்து நீங்கள் செய்யும் வேலைக்குக் கிளையன்ட் கொடுப்பது, மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 160 மணி நேரம். 4,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்றால் 3.4 லட்சம் ரூபாய். அதே இருக்கையில் வருடத்துக்கு 12 லட்சம் சி.டி.சி. (மொத்தச் சம்பளச் செலவு) வாங்கும் ஒருவர் இருந்தால் அவருக்கான மாதச் செலவு 1 லட்சம். 26 லட்சம் வாங்கும் ஒருவர் இருந்தால் சுமார் 2.17 லட்சம். இதற்கு மேல் இடம், கேப், இன்ஷூரன்ஸ், பெஞ்சில் (ப்ராஜெக்ட் இல்லாமல்) இருப்பவர்களின் செலவில் ஒரு பங்கு, கிளையன்ட் காசு கொடுக்காத மேலாளர்களின் செலவில் ஒரு பங்கு எல்லாம் ஏறும். முதல் ஆளிடம் நிறுவனத்துக்கு நல்ல லாபம் நிற்கிறது. இரண்டாவது ஆளிடம் கொஞ்சம்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம். எட்டு வருடத்துக்கு முன் 12 லட்சம் வாங்கியவர் ஒழுங்காக உழைத்து, ஒழுங்காக ஹைக் வாங்கி 26 லட்சத்துக்கு வந்திருக்கிறார். ரேட் கார்டு மட்டும் அங்கேயே நிற்கிறது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. வேலை மோசமாகவும் இல்லை. ஆனால் பிரமிடை அகலப்படுத்தச் சொல்லி, அதாவது மேலே ஆட்களைக் குறைத்துக் கீழே ஜூனியர்களைக் கூட்டச் சொல்லி, மேலிருந்து உத்தரவு வரும்போது முதலில் கணக்குப் பார்க்கப்படுவது அவர் வரிசையைத்தான். அப்ரைசலில் நல்ல ரேட்டிங் வாங்கியவர்களும் பட்டியலில் இருப்பது ஏன் என்று பலர் மனமுடைந்து கேட்கிறார்கள். காரணம் இதுதான். தயவுசெய்து அதை உங்கள் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ரேட் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். லீடாக இருந்தால் ப்ராஜெக்ட் எஸ்டிமேட்களில் ரோல் வாரியாக ரேட் பார்த்திருப்பீர்கள், அது போதும். உங்கள் ரோலுக்கும் இரண்டு நிலை கீழே இருப்பவருக்கும் கிளையன்ட் கொடுப்பது ஏறக்குறைய ஒரே ரேட் என்றால், நோட்டில் ஒரு சிவப்புக் குறி போடுங்கள்.

படி 3: ஒரு வார வேலையைப் பிரித்துப் பாருங்கள்

திங்கள் முதல் வெள்ளி வரை என்னென்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்கோடு எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்.

அ: விதிமுறைப்படி நடப்பது. ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், டெஸ்ட் கேஸ் எழுதுவது, எல்-1 டிக்கெட் (முதல் கட்டப் புகார்கள்), ஒரே மாதிரியான கோடு மாற்றங்கள், மீட்டிங் குறிப்புகள்.

ஆ: கிளையன்டின் தொழில் தெரிந்தால்தான் செய்ய முடிவது. இந்த க்ளெய்ம் ஏன் ரிஜெக்ட் ஆகிறது, மாதக் கடைசியில் ஓடும் பேட்ச் ஏன் இந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும் வேறு மாதிரி ஓடுகிறது என்பது போல.

இ: உங்கள் பெயரில் ஒரு முடிவு எடுக்கப்படுவது. டிசைனில் எது சரி, ரிலீஸை நிறுத்தலாமா, கிளையன்டிடம் என்ன சொல்வது.

'அ' பாதிக்கு மேல் இருந்தால் நீங்கள் செய்வது குறைந்த ஆட்களைக் கொண்டு செய்யப்படப்போகும் வேலை. 'ஆ' அதிகம் என்றால் இந்த அக்கவுன்ட்டில் பாதுகாப்பு உண்டு, வெளியே போனால் அதே மதிப்பு கிடைக்குமா என்று படி 5-ல் சோதிக்க வேண்டும். 'இ' இருக்கிறது, ஆனால் அது கிளையன்ட்டுக்குத் தெரியவில்லை என்றால் தெரியும்படி செய்யுங்கள். முடிவு உங்களுடையது, மெயில் மேனேஜர் பெயரில் போகிறது என்ற நிலையில் எத்தனையோ நல்ல லீடுகள் இருக்கிறார்கள். பீப்பிள் மேனேஜ்மென்ட் மட்டுமே செய்யும் மேலாளர்கள் இந்தப் பட்டியலை எழுதும்போது தங்களிடம் இரட்டிப்பு நேர்மையோடு இருக்க வேண்டும். லீவு அப்ரூவலும் டைம்ஷீட் துரத்தலும் 'அ' தான்.

படி 4: வதந்தியைத் தள்ளி, அறிகுறியைப் பாருங்கள்

காபி மெஷினை எடுத்துவிட்டார்கள், கேப் ரூட்டைக் குறைத்துவிட்டார்கள், டீம் அவுட்டிங் ரத்து. இவை எல்லாம் செலவுக் குறைப்பு, அவ்வளவுதான். இவற்றை வைத்து உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை வேறு. அலொகேஷன் 100-லிருந்து 50-க்கு இறங்குகிறது. கிளையன்ட் கால்களின் அழைப்பு உங்களுக்கு வருவது நின்றுவிட்டது. உங்கள் வேலையை ஜூனியருக்கு கே.டி. கொடுக்க, அதாவது கற்றுக்கொடுத்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள், ஆனால் உங்களுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். கே.டி. கேட்பது தவறில்லை, நல்ல அணிகளில் அது வழக்கம்தான். அடுத்த வேலை பெயரோடு சொல்லப்படுகிறதா என்பதுதான் வித்தியாசம்.

பெஞ்ச் கொள்கையும் மாறிவிட்டது. டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி வருடத்துக்கு 225 நாள் பில்லபிளாக இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தின் எண் என்ன என்று ஹெச்.ஆர். பாலிசியில் தேடி எழுதி வையுங்கள்.

அப்புறம் காலாண்டு முடிவுகள். பங்கு வாங்காதவர்கள் அவற்றைப் படிப்பதில்லை, ஆனால் ஊழியருக்கும் அதில் விஷயம் இருக்கிறது. தானாக விலகுவோர் விகிதத்தை, அதாவது அட்ரிஷனைப் பாருங்கள். இன்ஃபோசிஸில் 2022 ஜூன் காலாண்டில் இது 28.4 சதவீதம் வரை போனது. 2025 ஜூனில் 14.4. அட்ரிஷன் அதிகமாக இருந்த காலத்தில் ஆட்களைக் குறைக்க விரும்பிய நிறுவனம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, போனவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும். யாரும் தானாகப் போகாத காலத்தில் குறைப்பு வேண்டுமென்றால் யாரையாவது அனுப்பத்தான் வேண்டும். "இந்த வருஷம் எங்க டீம்ல யாருமே பேப்பர் போடலை" (ராஜினாமா செய்யவில்லை) என்பது ஆறுதலான செய்தி அல்ல.

படி 5: வெளியே என்ன விலை?

வேலை மாறும் எண்ணமே இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு இன்டர்வியூ போய் வாருங்கள். நௌக்ரி ப்ரொஃபைலைப் புதுப்பித்துவிட்டு இரண்டு வாரம் எந்தத் திறமைக்கு, எந்தச் சம்பளத்துக்கு அழைப்பு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரும் அழைப்பெல்லாம் ஐந்து வருடத்துக்கு முன் செய்த வேலைக்கு என்றால், அதற்குப் பிறகு செய்தது எதுவும் சந்தைக்குப் புரியும்படி ரெஸ்யூமேயில் இல்லை. கடைசி இரண்டு வருடத்தில் நீங்களே செய்த மூன்று காரியங்களை, "நான்" என்று தொடங்கும் வாக்கியத்தில், கிளையன்ட்டின் ரகசியம் எதுவும் வெளியே வராமல் எழுதிப் பாருங்கள். மூன்றும் எழுத முடிந்தால் நல்லது. ஒன்றுகூட வரவில்லை என்றால் அடுத்த ஆறு மாதத்துக்கு அதுதான் உங்கள் வேலை.

இன்னொன்று. சம்பளத்தில் 20 சதவீதம் குறைத்துக்கொண்டால் உங்களுக்கு எத்தனை கதவுகள் திறக்கும் என்று பாருங்கள். ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. அந்த எண் தெரிந்திருந்தால் நெருக்கடியில் பதறாமல் பேச முடியும்.

படி 6: காகிதமும் சட்டமும்

அலுவலக லேப்டாப் கையைவிட்டுப் போன மறுநிமிடம் மெயில், போர்ட்டல் எல்லாம் மூடிவிடும். அதனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ஒவ்வொரு வருட ஹைக் லெட்டர், அப்ரைசல் ரேட்டிங், பே ஸ்லிப், ஃபார்ம் 16 ஆகியவற்றை இன்றே சொந்த இடத்தில் சேமித்து வையுங்கள். இவை உங்களுடையவை. கோடு, கிளையன்ட் ஆவணம் எதையும் தொடாதீர்கள். அதையே காரணமாக வைத்து உங்களை வெளியே அனுப்பலாம். பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணில் சொந்த மொபைல் இணைந்திருக்கிறதா, பழைய நிறுவனத்தின் பி.எஃப். மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

"ஐ.டி.க்கு லேபர் லா எல்லாம் கிடையாது ப்ரோ" என்று சொல்பவர் ஒவ்வொரு டீமிலும் ஒருவர் இருப்பார். அது தவறு. 2025 நவம்பர் 21 முதல் நாட்டில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும்தான் தொழிலாளர் என்ற வரையறைக்கு வெளியே போகிறார்கள். தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை. பதவியின் பெயரில் மேனேஜர் என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். 2015-ல் மேனேஜர் என்று சொல்லி நீக்கப்பட்ட ஒரு பொறியாளருக்குச் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022-ல் மீண்டும் வேலை கொடுக்க உத்தரவிட்டது. ஏழு வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை ஏதும் இல்லை என்று தமிழக அரசும் 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை ஆட்குறைப்பில் நீக்கினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியமும், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். வேலை போனாலோ விட்டாலோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். அந்த ஊதியம் 60,000 ரூபாய், 12 வருடம் என்றால் சுமார் 4.15 லட்சம். ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. நான்கு வருடமும் ஐந்தாவது வருடத்தில் 240 நாளும் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கரை வருடத்தில் இருப்பவர்கள் நாளை எண்ணிப் பாருங்கள்.

படி 7: வீட்டில் எத்தனை மாதம் ஓடும்?

இ.எம்.ஐ., வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, அப்பா அம்மாவின் மருந்து. இவற்றின் மாதக் கூட்டுத்தொகையால் கையில் உள்ள ரொக்கத்தையும் எஃப்.டி.யையும் வகுங்கள். வரும் எண் ஆறுக்குக் கீழே என்றால் புதுக் கார், இரண்டாவது ஃப்ளாட் எல்லாம் காத்திருக்கட்டும். பி.எஃப்.ஐ முழுதாக இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், பெற்றோருக்கும் சேர்த்து. சொந்தமாக ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. இந்தக் கணக்கை வீட்டில் உள்ளவரோடு உட்கார்ந்து போடுங்கள். தனியாகச் சுமப்பவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் உடைந்து போகிறார்கள்.

நோட்டைப் பார்த்து முடிவெடுப்பது

படி 1, 2 இரண்டும் மோசம், படி 5 நன்றாக இருக்கிறது என்றால் இப்போதே வேலை தேடுங்கள். வேலையில் இருந்துகொண்டு தேடுவதற்கும் இல்லாமல் தேடுவதற்கும் சம்பளப் பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒப்பந்தம் பலமாக இருக்கிறது, படி 3-ல் 'அ' அதிகம் என்றால் வெளியே போக அவசரம் இல்லை. அதே அக்கவுன்ட்டுக்குள் மைக்ரேஷன், டேட்டா, செக்யூரிட்டி என்று எந்த வேலைக்குக் கிளையன்ட் புதிதாகக் காசு ஒதுக்குகிறார் என்று கண்டுபிடித்து அங்கே நகருங்கள். சான்றிதழ் வாங்குவதைவிட அந்த வேலையில் ஒரு சிறு பங்கைக் கேட்டு வாங்குவது பயன் தரும். எல்லாமே மோசம் என்றால் முதலில் படி 7-ஐச் சரிசெய்யுங்கள். செலவைக் குறைத்தால்தான் படிக்கவும் தேடவும் அவகாசம் கிடைக்கும்.

ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டால்

முன்னறிவிப்பில்லாமல் ஒரு மீட்டிங் அழைப்பு வரும். உள்ளே மேனேஜரும் ஹெச்.ஆரும் இருப்பார்கள். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, நல்ல ரிலீவிங் லெட்டர் தர்றோம், இல்லேன்னா டெர்மினேஷன்னு ரெக்கார்டுல வரும்" என்பார்கள். இன்றே, இந்த அறையிலேயே முடிவு வேண்டும் என்பார்கள்.

அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாக ராஜினாமா செய்தால் ஆட்குறைப்பு இழப்பீட்டைக் கேட்கும் வழி அடைபடும். "சொன்னதை மெயிலில் அனுப்புங்க, படிச்சுப் பார்த்துட்டு ரெண்டு நாள்ல பதில் சொல்றேன்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வந்ததும் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, உங்கள் சொந்த மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ சங்கத்திலோ பேசுங்கள். ராஜினாமா செய்வதுதான் உங்களுக்கு நல்லது என்று கடைசியில் தோன்றலாம், அதில் தவறில்லை. ஆனால் அதற்குப் பேரம் பேசுங்கள்: நோட்டீஸ் காலச் சம்பளம் முழுதாக, கூடுதலாகச் சில மாதச் சம்பளம், இன்ஷூரன்ஸ் நீட்டிப்பு, ரிலீவிங் லெட்டரின் வாசகம். எல்லாம் எழுத்தில்.

பி.ஐ.பி.யில், அதாவது வேலைத்திறனை உயர்த்திக் காட்டக் கெடு வைக்கும் திட்டத்தில், போட்டால், இலக்குகளை எண்ணால் எழுதித் தரச் சொல்லி மெயில் அனுப்புங்கள். ஒவ்வொரு வாரமும் என்ன முடித்தீர்கள் என்று அதே மெயிலில் பதிலாகப் போடுங்கள். அதே வாரத்தில் வெளியே தேடத் தொடங்குங்கள்.

இந்த நோட்டை வருடத்தில் இரண்டு முறை புதுப்பித்தால் போதும். ஒன்று, ஏப்ரல் வாக்கில் ரேட்டிங் வந்ததும். இன்னொன்று, அலொகேஷன் முடிவுத் தேதிக்கு 90 நாள் முன்பு. பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியடும் அதே 90 நாள் என்பதால், நகர வேண்டும் என்று முடிவெடுத்தால் அந்தத் தேதி உங்களுக்குச் சரியாக இருக்கும்.